"சொல்லிடாதீங்க சிஸ்டர்": உண்மைக்கும் உறவினருக்கும் இடையில் செவிலியர்

புற்றுநோய் முற்றிய நிலையில் சேர்க்கப்பட்டவரின் மகனோ மகளோ செவிலியரைத் தனியே அழைத்து, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று கெஞ்சுவது தமிழக மருத்துவமனைகளில் அன்றாடம் நிகழ்வது. நோயின் உண்மை நிலையை நோயாளி அறியாதவாறு குடும்பத்தாரும் சிகிச்சையளிப்போரும் சேர்ந்து காக்கும் இம்மௌனத்தைக் கூட்டு மறைப்பு எனலாம். மருத்துவர் ரவுண்ட்ஸ் முடித்துச் சென்றபின், அதன் பாரம் முழுவதும் செவிலியர் தலையிலேயே விழுகிறது.

துயரச் செய்தியைத் தெரிவிப்பதற்கு வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மேன் முதலிய மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பைக்ஸ்' என்னும் ஆறு படி நெறியில், செய்தியைச் சொல்வது நான்காம் படியாகவே வருகிறது; தனிமையான இடத்தை அமைத்தல், நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறிதல், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அறிதல் ஆகியவை அதற்கு முந்தியவை. மருத்துவர்களுக்காக வகுக்கப்பட்டதாயினும், இவ்வரிசை செவிலியருக்கே பெரிதும் உதவும். நள்ளிரவில், "எனக்கு என்னதான் சிஸ்டர்? ஏன் எல்லாரும் மழுப்புறாங்க?" என்று நோயாளி கேட்கும்போது, "ஒண்ணுமில்ல, தூங்குங்க" என்றால் அவர் மறுபடி வாய் திறக்கமாட்டார், நோயின் பெயரைச் செவிலியர் தாமாகச் சொல்லிவிடவும் இயலாது. கட்டிலருகே உட்கார்ந்து, "உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க? உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டு, அவர் விரும்பினால் காலையில் மருத்துவரைப் பேசவைப்பதே முறை. உண்மை தெரிந்தால் மனமுடைந்துபோவார் என்னும் குடும்பத்தாரின் அச்சத்தில் அன்பு உண்டு, ஆனால் அவர்களிடமும், "அவரே கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்று பணிவாகக் கேட்டாக வேண்டும்.

இவற்றையெல்லாம்விடக் கவலை தருவது வேறொன்று. ஷிப்ட் மாறும்போது சொட்டு மருந்தின் வேகம், சிறுநீரின் அளவு, அடுத்த ஊசியின் நேரம் எல்லாம் கணக்காக ஒப்படைக்கப்படுகின்றன. யாருக்கு என்ன சொல்லப்பட்டது என்பது மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அதனால் பகலில் "தேறி வர்றாரு" என்று கேட்ட உறவினர், இரவில் "சொந்தக்காரங்கள வரச் சொல்லுங்க" என்று கேட்க நேர்ந்து, தாம் ஏமாற்றப்பட்டதாகக் கொதிக்கின்றனர்; அக்கொதிப்பு சில வேளை செவிலியரைத் தாக்குவதிலும் முடிகிறது. மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழகத்தில் 2008-லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் வழக்குத் தொடரப்படும்போது செவிலியர் அடிவாங்கி முடித்திருப்பார். யாரிடம், எப்போது, என்ன சொல்லப்பட்டது என்பதை மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையொப்பமிடுவதை மருத்துவமனைகள் உடனே கட்டாயமாக்க வேண்டும்.