மரச்சாமான் மருத்துவம் – 9: வெள்ளை வளையம்

மாமனார் வீட்டுத் தேக்கு மேசையில் யாரோ சுடச்சுடக் காபி டம்ளரை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் அங்கே வெள்ளையாக ஒரு வளையம். உப்புத்தாள் வாங்கிவந்து தேய்க்க உட்கார்ந்தேன். எதிர்வீட்டு நிலைக்கதவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "கறை மேலாக்கத்தான் நிக்குது தம்பி. மரத்தை ஏன் சொரண்டறீங்க?"

மேற்பூச்சுப் பழுதில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: காயம் தோலிலா, சதையிலா?

வெள்ளைக் கறை என்றால் பெரும்பாலும் தோலில். பழைய மேசைகளின் பாலிஷ் அநேகமாக அரக்கு. ஜார்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் புரசு, இலந்தைக் கிளைகளில் அப்பிக்கொண்டு வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. அதைச் சுத்தம் செய்து, தகடாக்கி உடைத்தால் அவலரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்தால் பாலிஷ். சூடு பட்டால் சீக்கிரம் இளகிவிடும். அப்போது டம்ளரடியில் நிற்கும் ஈரம் பூச்சுக்குள் புகுந்து, ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரிகிறது. மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

கறை கறுப்பாக இருந்தால் கதை வேறு. தண்ணீர் பூச்சைத் தாண்டி மரத்துக்குள் இறங்கி, அங்குள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுத்திருக்கிறது. பூச்சை முழுக்க எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் அமிலம் தடவ வேண்டிய வேலை. அது நச்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

பூச்சு அரக்குதானா என்று பார்க்க, மேசையின் அடிப்பக்கம் மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியாதது இந்தக் காலத்துப் பாலியூரிதேனாக இருக்கலாம். கீழே சொல்வது அதற்கு உதவாது.

பெரியவர் முதலில் தேங்காய் எண்ணெயில் சலித்த சாம்பலைக் குழைத்து, மரரேகை போகும் போக்கில் மெல்லத் தேய்த்தார். பாதி மறைந்தது. பிறகு பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்துப் பொட்டலமாகக் கட்டி, ஸ்பிரிட்டில் நனைத்து, புறங்கையில் ஒற்றினால் குளிர்ச்சி மட்டும் தெரியும் அளவுக்குப் பிழிந்தார். அடுப்பெல்லாம் தூரத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார். மேசையைத் தொடும்போதும் எடுக்கும்போதும் அவர் கை நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு நொடி நின்றாலும் துணி ஒட்டிக்கொண்டு பூச்சைப் பிய்த்துவிடும்.

கடைசியாகப் புதுப் பாலிஷ். லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அவலரக்கு, நீர்க்கத்தான். அரக்கின் அருமையே இங்கேதான். புதுப்பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். ஒட்டுப்போட்ட தடமே தெரியாது. கரைத்து வருடக்கணக்கில் வைத்த பாலிஷ் மட்டும் வேண்டாம், சரியாக இறுகாது. மழைநாளிலும் வேண்டாம். ஸ்பிரிட் ஆவியாகிக் குளிரும்போது காற்றின் ஈரம் படிந்து, மேசை முழுக்கவே வெளுத்துவிடும்.

வளையம் பத்து நிமிடத்தில் போய்விட்டது. அதற்கு முன் நான் உப்புத்தாளால் இழுத்த இரண்டு இழுப்பில் தேக்கின் பழுத்த நிறம் போய், பச்சை மரம் வெளுப்பாகத் தெரிந்தது. அதற்கு நிறம் கூட்டி, மற்ற இடத்தோடு சேர்க்க அவருக்கு மூன்று நாள் பிடித்தது.