வீட்டுக் கணினிக்கு ஒரு காப்புப் பெட்டி

1998இல் பிக்சார் நிறுவனத்தில் தவறுதலாகக் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகளை மளமளவென்று அழித்தது. பேக்கப்பைத் தேடினால், அதுவும் பழுது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கணினியில் இருந்த நகல்தான் கைகொடுத்தது.

வீடுகளில் அப்படியொரு நகலைத் தானாகவே எடுத்துவைக்க உதவுவது 'நாஸ்' எனப்படும் சேமிப்புப் பெட்டி. ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, ரவுட்டரோடு கேபிளில் இணைத்துவிட்டால் வீட்டுக் கணினிகள் எல்லாவற்றுக்கும் அது பொது. விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி', மேக்கில் 'டைம் மெஷின்' வசதியை ஒருமுறை அமைத்தால் போதும். முதல் நகலுக்குப் பல மணி நேரம் பிடிக்கலாம். பிறகு, மாறியவை மட்டுமே போகும்.

இரண்டு டிஸ்க்கில் ஒரே தகவலை எழுதும் 'ரெய்டு 1' முறை, ஒன்று பழுதானால் காப்பாற்றும். ஆனால் தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலுமே அழிந்துவிடும்.

இணையத்துக்குத் திறந்துவிட்ட பெட்டிக்கு வேறு ஆபத்தும் உண்டு. 2021 ஏப்ரலில் 'கியூலாக்கர்' என்ற ரான்சம்வேர், கியூநாப் நிறுவனப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது வல்லுநர்கள் சொல்லும் கணக்கு. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை மீட்டெடுத்தும் பாருங்கள்.