விடைபெறும் மாணாக்கரின் நகை உயில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப்பள்ளிகளில் கல்வியை முடித்து வெளியேறும் மாணாக்கர், தாம் இறக்கும் தறுவாயில் இருப்பார் போல ஓர் உயில் எழுதிவைத்துச் செல்லும் வழக்கம் உண்டு. வகுப்பின் வரலாறு, வகுப்புக் கவிதை, ஒவ்வொருவர்க்கும் வருங்காலம் உரைக்கும் குறி ஆகியவற்றோடு இவ்வுயிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பள்ளி ஆண்டுமலர்களில் இடம்பெற்றுவிட்டது. வகுப்பு முழுவதற்கும் பொதுவாக எழுதப்படுவதும் உண்டு. மாணாக்கர் ஒவ்வொருவரும் தத்தம் பெயரால் ஓரிரு வரி எழுதுவதும் உண்டு.

இதனை இளையோர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், இதன் பின்னே நீண்டதோர் இலக்கிய மரபு உளது. எழுதப்படாத நெறியொன்றும் உளது. அந்நெறி யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயிலின் உருவம்

நகை உயில் மெய்யான உயிலின் சொற்களையே மேற்கொள்ளும். உடலும் உள்ளமும் நலமுற இருக்கும் நிலையில் இதனை எழுதுகின்றோம் என்று அது தொடங்கும், முன்னெழுதிய உயில்கள் அனைத்தையும் நீக்கும், இன்னார்க்கு இன்னது என்று நிரல்படக் கூறும், கையொப்பத்தோடு முடியும். நம் நாட்டுப் பத்திர எழுத்தர் ‘சுயநினைவுடன், பிறர் தூண்டுதல் இன்றி’ என்று எழுதுவதை அறிந்தார்க்கு இத்தொடக்கம் புதிதன்று.

நடையின் பெருமிதம் இத்தகையதாயின், கொடுக்கப்படும் பொருளோ மிக எளியது. எளிதில் திறவாத லாக்கர், உணவுக்கூடத்தின் மூலைமேசை, வண்டி நிறுத்தும் இடம், இசைக்குழுவின் முன்வரிசை இருக்கை, மணி அடித்தபின் வந்தும் அகப்படாத திறமை என்பன போன்றவையே இவ்வுயில்களின் வழக்கமான உடைமைகள். அண்ணன் ஒருவன் ஆசிரியர் நடுவே தான் ஈட்டிய கெட்ட பெயரைத் தம்பிக்கு விட்டுச்செல்லுதலும் உண்டு. உயர்ந்த நடைக்கும் சிறிய பொருளுக்கும் உள்ள இப்பொருந்தாமையே நகையின் முதற்காரணம்.

ஈண்டு நோக்கத்தக்கது மற்றொன்று உண்டு. இப்பொருள்களுட் பல, கொடுத்தற்கு இயலாதன. லாக்கர் பள்ளிக்கு உரியது. திறமையோ கைமாறும் பொருளன்று. எனவே, உண்மையில் கொடுக்கப்படுவது பொருள் அன்று, ‘உன்னை யான் அறிவேன், என் இடத்திற்கு நீ உரியை’ என்னும் ஒப்புதலே கொடுக்கப்படுகின்றது. நான்காண்டிற்கு ஒருமுறை மாந்தர் முற்றும் மாறிவிடும் ஒரு நிறுவனத்தில், நினைவைத் தொடரச் செய்யும் வழிகளுள் இஃது ஒன்றாகும்.

மரபின் இரு சான்றுகள்

இலத்தீன் மொழியில் ‘பன்றிக்குட்டியின் உயில்’ என்னும் சிறு நூல் ஒன்று உண்டு. இது நான்காம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும். அறுக்கப்படும் வேளையில் பன்றிக்குட்டி சமையற்காரனிடம் சிறிது நேரம் வேண்டிப்பெற்று, தன் கையால் எழுத இயலாமையின் பிறர் எழுதத் தான் சொல்கின்றது. மயிரைச் செருப்புத் தைப்போர்க்கும், காதுகளைச் செவிடர்க்கும், நாவினை வழக்குரைப்போர்க்கும், சிறுநீர்ப்பையைச் சிறுவர்க்கும் அளிக்கின்றது. பள்ளிச் சிறுவர் கூட்டங்கூட்டமாக இதனை ஓதிச் சிரித்தனர் என்பதைத் திருச்சபைத் தந்தையருள் ஒருவராகப் போற்றப்பெறும் ஜெரோம் குறித்துள்ளார். பள்ளிக்கும் நகை உயிலுக்கும் உள்ள உறவு அத்துணைப் பழமையானது.

மற்றொரு சான்று பிரெஞ்சுக் கவிஞர் பிரான்சுவா வில்லோன். 1431ஆம் ஆண்டு பிறந்து, பாரிசுப் பல்கலைக்கழகத்தில் 1452ஆம் ஆண்டு முதுகலைப் பட்டம் பெற்ற இவர், 1456இல் ஒரு சிறிய உயிற்கவிதையும், 1461ஐ ஒட்டிப் பெரிய உயிற்கவிதை ஒன்றும் இயற்றினார். முன்னதன் நிகழ்ச்சி இறப்பன்று. பாரிசு நகரை விட்டு அவர் நீங்குதலே. பிரிவைச் சாவாகப் பாவித்து எழுதும் இம்முறையே பள்ளி உயிலிலும் காணப்படுகின்றது. மயிர்வினைஞர்க்குத் தம் தலையில் வெட்டிய மயிரையும், செருப்புத் தைப்போர்க்குத் தம் பழஞ்செருப்பையும் அவர் அளிக்கின்றார். நகரத்துக் கடைகளின் பெயர்ப்பலகைகளையும் தமவேபோல வாரி வழங்குகின்றார். செல்வம் மிக்க வணிகர் மூவரை ஆதரவற்ற குழந்தைகள் என்று சுட்டி அவர்க்கு இரங்குகின்றார்.

எள்ளலின் எல்லை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைக் கூறுவர். பிறரை எள்ளித் தான் நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலும் என எள்ளலை இரண்டாக்குவர் பேராசிரியர். நகை உயில் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு நிற்கின்றது. அஃது எப்பக்கம் சாய்கின்றது என்பதைப் பொறுத்தே அதன் தரம் அமையும்.

தனக்கு உரியதையே ஒருவர் உயிலால் கொடுத்தல் கூடும் என்பது சட்டம். நகை உயிலின் அறமும் இதுவே. தன் சோம்பலை இளையவன் ஒருவனுக்கு விட்டுச்செல்பவன், அச்சோம்பல் தன்னுடையது என்று முதற்கண் ஒப்புக்கொள்கின்றான். நகை முதலில் அவன் மேலதாகின்றது. அதன்பின்னரே பெறுவோன் மேற் செல்கின்றது. பன்றிக்குட்டி வழக்குரைப்போரை நகையாடினும் கொடுப்பது தன் நாவினையே அன்றோ! வில்லோன் பிறர் பொருளை வழங்கியது இந்நெறிக்கு மாறெனத் தோன்றும். ஆயின், அவர் தாக்கியவருட் பலர் அவரினும் செல்வமும் அதிகாரமும் உடையவர். பள்ளியிலோ நிலைமை வேறு. எழுதுபவர் மூத்தோர், பெறுபவர் இளையோர், மறுமொழி எழுத இடமில்லாதவர்.

‘இவளுக்கு நற்பண்பு’ என்றோ, ‘இவனுக்கு ஒரு நண்பன்’ என்றோ எழுதும்போது உயில் தன் வடிவத்தை இழக்கின்றது. கொடுப்பவர் தம் உடைமை எதனையும் கொடுக்கவில்லை. பெறுபவரின் இன்மையைப் பலரறியச் சுட்டுகின்றார். கொடைச்சொல்லால் வசையை மறைக்கும் இது, தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் பழிகரப்பு அங்கதத்தின்பாற்படும். அச்சேறிய இவ்வொரு வரி ஆண்டுமலர் உள்ளவரை நிற்கும். இதுபற்றியே ஆசிரியர் பார்வையிட்ட பின்னர் உயில்களை அச்சிடும் பள்ளிகளும், வழக்கத்தையே கைவிட்ட பள்ளிகளும் உள்ளன. எவர் உயிலிலும் பெயர் வாராத மாணாக்கரின் வருத்தமும் சொல்லாது அமைவதேயாயினும் சிறிதன்று.

முடிபு

இவற்றால், நகை உயில் என்பது பிரிவைச் சாவெனப் பாவித்துப் பின்வருவோரை உரிமையாளராக ஏற்கும் ஒரு கொடைவகை என்பதும், தன் குறையைத் தானே முன்வைத்தல் அதன் உயிர் என்பதும், அஃது ஒழிந்தவழி எஞ்சுவது வசையே என்பதும் பெறப்படும். வடிவம் என்பது சொற்களை அடுக்கும் முறை மட்டுமன்று. சொல்லத்தகாததைத் தடுக்கும் வேலியுமாகும். இலக்கியம் என எண்ணப்பெறாத இச்சிறு எழுத்துகளில் இவ்வுண்மை தெளிவாக விளங்குதலின், இவையும் ஆராய்வார் கண்ணிற்பட வேண்டியனவே.