கடல் கடந்து வந்த விளையாட்டுப் பெட்டி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பத்தாண்டுகள் பணியாற்றிய என் மகன், சென்ற ஆண்டு குடும்பத்துடன் கோவைக்குத் திரும்பினான். பன்னிரண்டு வயதுப் பேரன் யாரிடமும் ஒப்படைக்க மறுத்து, தன் தோள்பையிலேயே சுமந்துவந்த ஒரே பொருள் அவனது கேம் கன்சோல்தான். வந்த மறுநாளே, 'தாத்தா, இதை இங்கே மாட்டலாமா?' என்று என்னிடம் வந்து நின்றான். பொருளியல் பேராசிரியருக்கு மின்சாரமும் தெரிந்திருக்கும் என்பது அவன் நம்பிக்கை.

அமெரிக்க வீடுகளில் மின்னழுத்தம் 120 வோல்ட். நம் வீடுகளில் 230 வோல்ட். அங்கு குடியேறுவோருக்கென்றே 110 வோல்ட் மிக்ஸி செய்து விற்கும் ஊர் நம்முடையது; இப்போது பயணம் எதிர்த்திசையில். கன்சோலின் அடியிலோ அடாப்டரிலோ உள்ள சிறு எழுத்துகளில் '100-240' என்று இருந்தால் அச்சமில்லை. நின்டெண்டோ ஸ்விட்சின் அடாப்டர் அத்தகையது. அதே நிறுவனத்தின் பழைய வீ, அமெரிக்காவில் 120 வோல்ட் அடாப்டருடன்தான் விற்கப்பட்டது. பேரனின் பெட்டியில் 100-240 என்றிருந்தது. மின்கம்பியை மட்டும் மாற்றினோம். என் மகன் தன் இளமைக்கால நினைவாக வைத்திருந்த பழைய பெட்டியைப் பார்க்க மறந்துவிட்டான். கடையில் வாங்கிய பிளக் மாற்றியைச் செருகி இயக்கினான். ஒரு நொடியில் கருகிய வாடை. பிளக் மாற்றி முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை அல்ல. அதற்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

மின்சாரச் சிக்கல் அரைமணி நேரத்தில் தீர்ந்தது. கணக்குச் சிக்கல் இன்னும் தீரவில்லை.

பேரனின் இணையக் கணக்கு அமெரிக்காவுக்கு உரியது. அந்நிறுவனத்தின் விதிப்படி, கணக்கின் நாட்டைப் பின்னர் மாற்ற இயலாது. அமெரிக்கக் கடையில் என் வங்கி அட்டை செல்லவில்லை. இங்கே கணக்குத் தொடங்கினால், நான்கு ஆண்டுகளாகப் பிறந்தநாள் பணத்தில் அவன் வாங்கிய விளையாட்டுகள் புதிய கணக்குக்கு வாரா. கோவையில் வாங்கிய விளையாட்டு வட்டு நன்றாக ஓடியது. ஆனால், அதற்கென அமெரிக்கக் கணக்கில் வாங்கிய கூடுதல் பகுதி அதனுடன் சேர மறுத்தது. திரைப்பட புளூ-ரே வட்டுகளிலும் இதே கதைதான்: அமெரிக்கா 'ஏ' மண்டலம், இந்தியா 'சி' மண்டலம்.

இந்தச் சுவர்கள் ஏன்? ஒரே பொருளை வெவ்வேறு சந்தைகளில் வெவ்வேறு விலைக்கு விற்பதை விலைப் பாகுபாடு என்போம். பிகூ 1920-இலேயே அதை வகைப்படுத்தினார். மலிவான சந்தையில் வாங்கி விலை மிகுந்த சந்தையில் விற்பதைத் தடுத்தால்தான் அது நிலைக்கும். தாய்லாந்து மாணவர் ஒருவர் ஆசியாவில் மலிவாகக் கிடைத்த பாடநூல்களை அமெரிக்காவில் விற்ற வழக்கில், 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அச்சிட்ட நூலுக்கு அந்த உரிமை உண்டு. இணையக் கடையில் 'வாங்கும்' விளையாட்டு அப்படியல்ல. நாம் பெறுவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 முதல் சட்டமே நடைமுறைக்கு வந்துள்ளது.

சுவர்களை முற்றிலும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவுக்கென மலிவாக அச்சிடப்பட்ட பாடநூல்களைப் படித்துத்தான் நான் முனைவர் பட்டம் வரை வந்தேன். சுவர் முழுதும் இடிந்தால், உலகெங்கும் அமெரிக்க விலையே நிலைத்துவிடக்கூடும். ஆனால், குடிபெயர்ந்து வருபவன் விலை வேறுபாட்டில் லாபம் தேடும் வணிகன் அல்லனே! வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்கே இணைச் சான்று பெற வழி இருக்கிறது. வங்கிச் சேமிப்பையும் கொண்டுவரலாம். ஒரு சிறுவனின் விளையாட்டுகளுக்கு மட்டும் ஏன் அந்த ஏற்பாடு இல்லை? நிறுவனத்துக்கு எழுதினோம், விதியின் வாசகமே பதிலாக வந்தது.

இப்போதைக்கு ஒரே பெட்டியில் இரு கணக்குகள். பழையதில் வாங்கியவற்றை அதிலேயே ஆடுகிறான். புதியவற்றை இந்தியக் கணக்கில் வாங்குகிறோம். திரும்பிவர எண்ணியிருப்போருக்கு ஒன்று சொல்வேன்: கணக்கில் எஞ்சிய டாலரை விமானம் ஏறுமுன் செலவழித்துவிடுங்கள். எங்கள் பேரனின் பதினெட்டு டாலர் இன்னும் அங்கேயே கிடக்கிறது.

டெக்சாஸ் நண்பர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கூடுவார்கள். கோடைக்காலத்தில் அது நமக்குச் சனிக்கிழமை காலை ஐந்தரை. நான் காபி போட எழும்போது கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். காதில் ஹெட்போனுடன் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருப்பான். தொலைவு காரணமாக அவன் அசைவுகள் அங்கே சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேர்கின்றனவாம். அதனால் அடிக்கடி தோற்கிறான்.