கரும்பலகைக்குப் பின் – 6: ஒரே மடிக்கணினி, இரண்டு நாடுகள்

சென்ற வாரம் டெல்லி கல்காஜியில் சுவரில் பதித்த கணினியைப் பார்த்தோம். 1999இல் சுகதா மித்ரா வைத்த அந்தக் கணினியை, பக்கத்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே இயக்கப் பழகினார்கள். 'கருவியைக் கையில் கொடுத்துவிடுங்கள், மற்றதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்' என்ற நம்பிக்கைக்கு அது பெரிய தெம்பு. அந்த நம்பிக்கையை உலகம் முழுக்கக் கொண்டுபோகப் பார்த்தவர்களின் கதை இந்த வாரம்.

2005 நவம்பர். துனிசியத் தலைநகர் துனிஸில் ஐ.நா.வின் தகவல் சமூக மாநாடு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தை உருவாக்கிய நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, மேடையில் ஒரு சின்னப் பச்சை மடிக்கணினியைக் காட்டினார். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருந்தது. மின்சாரம் இல்லாத ஊரிலும் அதைச் சுற்றினால் கணினி ஓடும் என்றார். விலை 100 டாலர். ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் ஆசையாகச் சுற்றிப்பார்த்தார். கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது.

'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்பது திட்டத்தின் பெயர். அதன் பின்னால் இருந்த சிந்தனை சேமூர் பேப்பர்ட்டுடையது. 'லோகோ' கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். குழந்தை எதையாவது செய்து பார்த்துத்தான் கற்கிறது என்பது அவர் கட்சி. இரண்டு ஆண்டுகள் கழித்து 'எக்ஸ்ஓ' என்ற பெயரில் கணினி ஆலையிலிருந்து வெளிவந்தபோது கைப்பிடி போயிருந்தது. விலை ஏறக்குறைய 190 டாலராகியிருந்தது. ஆனாலும் கருவியைக் குறை சொல்ல முடியாது. முயல் காதுபோல இரண்டு ஆன்டெனா, நல்ல வெயிலிலும் எழுத்துத் தெரியும் திரை, தூசி புகாத ரப்பர் விசைப்பலகை. இணையம் இல்லாத இடத்திலும் அக்கம்பக்கத்து எக்ஸ்ஓக்கள் தங்களுக்குள் இணைந்துகொள்ளும்.

இந்தியா 2006லேயே கையை விரித்துவிட்டது. வகுப்பறையும் ஆசிரியரும்தான் எங்கள் அவசரத் தேவை, கற்பித்தல் நோக்கில் இந்தத் திட்டமே சந்தேகத்துக்குரியது என்று மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் சொன்னது. பெருவும் உருகுவேயும் வாங்கின. இரண்டும் தென்னமெரிக்க நாடுகள், இரண்டிலும் பள்ளிப்பாடம் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில், வாங்கியதும் ஒரே கருவி. வேறு எங்கும் இப்படி ஒரு ஒப்பீடு கிடைப்பது கடினம்.

பெருவை முதலில் பார்ப்போம். 2007இல் அரஹுவாய் என்ற மலைக் கிராமத்தில் முன்னோட்டம் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே பெரிய அளவில் விநியோகம் தொடங்கியது. சில ஆண்டுகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் போய்ச் சேர்ந்தன. வேறெந்த நாடும் இவ்வளவு வாங்கவில்லை. முதல் வரிசையில் இருந்தவை மிக ஏழ்மையான பகுதிகளின் ஓராசிரியர் பள்ளிகள். ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் வைத்துச் சமாளிக்கும் இடங்கள் அவை. தேர்ந்த ஆசிரியரை அந்த மலைக்கு அனுப்புவது பெரும்பாடு. பெட்டியை லாரியில் ஏற்றிவிடலாம். ஆசிரியருக்கு 40 மணி நேரப் பயிற்சி திட்டமிட்டிருந்தார்கள். ஏறக்குறைய எந்தப் பள்ளியிலும் இணையம் இல்லை. கணினியை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்பது விதி. தொலைந்தால் யார் பொறுப்பு, உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பல பிள்ளைகள் அதை வீட்டுக்கே கொண்டுபோகவில்லை.

2012இல் அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியின் ஆய்வு வந்தது. 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கணினி பெற்றவற்றையும் பெறாதவற்றையும் ஒப்பிட்டிருந்தார்கள். சுமார் 15 மாதங்களுக்குப் பிறகு பொது அறிவுத்திறன் சோதனைகளில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. கணிதத்திலும் மொழியிலும் ஒரு மாற்றமும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு, பத்தாண்டு கழித்துத் திரும்பப் பார்த்த ஆய்விலும் படிப்பில் பலன் தென்படவில்லை.

அந்த 2012 ஆய்வில் பள்ளி நூலகம் நடத்துகிற யாரும் நிறுத்திப் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு எக்ஸ்ஓவுக்குள்ளும் 200 புத்தகங்கள் ஏற்றப்பட்டிருந்தன. கணினி பெறாத பிள்ளைகளில், வீட்டில் ஐந்துக்கு மேல் புத்தகம் இருந்தவர்கள் நான்கில் ஒருவர்தான். அந்த மாதிரி வீட்டுப் பிள்ளையிடம் திடீரென்று 200 புத்தகங்கள் வருகின்றன. ஆனாலும் வாசிக்கும் பழக்கம் கூடவில்லை. 'இதைப் படித்துப் பார், உனக்குப் பிடிக்கும்' என்று எடுத்துக் கொடுக்கவும், அடுத்த வாரம் 'கதை எப்படி?' என்று கேட்கவும் அந்தப் பெட்டிக்குள் ஆள் இல்லை. புத்தகம் கிடைக்காததுதான் தடை என்று நினைத்தவர்களுக்கு, கிடைத்த பிறகும் தடை நீங்காதது ஒரு பாடம்.

உருகுவே சின்ன நாடு. மொத்த மக்கள்தொகையே சென்னை நகரத்தைவிடக் குறைவு. அதிபர் தபாரே வாஸ்கெஸ் அறிவித்த 'சேய்பால்' திட்டம் 2007 மே மாதம் வில்யா கார்தால் என்ற சிற்றூரில் தொடங்கியது. 2009இல் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரிடமும் கணினி இருந்தது. உலகில் அதைச் செய்த முதல் நாடு அதுதான். கூடவே பள்ளிகளுக்கு இணையம் கொடுத்தார்கள். பழுதுபார்க்க ஊர் ஊராக வண்டி அனுப்பினார்கள். பள்ளி மூடிய பிறகும் இணையம் எட்டும் தூரத்தில் பிள்ளைகள் கணினியும் கையுமாக உட்கார்ந்திருப்பது வழக்கமானது.

இவ்வளவு செய்தும் முதல் சில ஆண்டுகளின் மதிப்பெண்களை ஆராய்ந்த அந்நாட்டுப் பொருளியலாளர்களுக்குக் கிடைத்த விடை பெருவின் விடைதான். கணிதத்திலும் வாசிப்பிலும் தாக்கம் இல்லை. ஆக, பெரு சொதப்பியது, உருகுவே சாதித்தது என்று கதையை முடித்துவிட முடியாது. கணினியைக் கையில் கொடுப்பது மட்டும் இரண்டு இடத்திலும் பாடத்தைக் கொண்டுவரவில்லை.

உருகுவேயின் கதை திசை மாறியது அதற்குப் பிறகு. தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர்கள் போதவில்லை. 2012இல் பிரிட்டிஷ் கவுன்சிலோடு சேர்ந்து ஒரு சோதனையில் இறங்கினார்கள். வகுப்பறையில் பெரிய திரை, கேமரா, வேகமான இணைய இணைப்பு. வாரத்தில் ஒரு பாடத்தைத் திரைக்கு அப்பாலிருந்து ஓர் ஆசிரியர் நடத்துவார். அவர் மான்டிவீடியோவில் இருக்கலாம், அர்ஜென்டினாவில் இருக்கலாம், பிலிப்பைன்ஸில்கூட இருக்கலாம். மீதிப் பாடங்களை வகுப்பாசிரியரே நடத்துவார். அவருக்கும் ஆங்கிலம் அதிகம் தெரியாது. பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் கற்றுக்கொள்வார். இரண்டு ஆசிரியர்களும் பேசிவைத்துக்கொண்டு பாடத்தைத் திட்டமிடுவார்கள். பின்னர் நடந்த தேர்வுகளில், நேரில் ஆங்கில ஆசிரியரிடம் படித்த பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இணையாக இவர்களும் வந்தார்கள்.

தொழில்நுட்பத்தில் பெரிய புதுமை ஒன்றும் இதில் இல்லை. மாறியது நோக்கம். ஆசிரியர் சரியில்லாத இடத்தில் அவரைத் தாண்டிப் பிள்ளையிடம் போய்விடலாம் என்ற எண்ணத்தில் வந்தது எக்ஸ்ஓ. நெக்ரோபோன்டே கடைசிவரை அதை விடவில்லை. 2011இல் ஹெலிகாப்டரிலிருந்து டேப்லெட்டுகளைப் போட்டுவிட்டு ஓராண்டு கழித்துப் போய்ப் பார்க்கலாம் என்றுகூடப் பேசினார். உருகுவேயின் திரை நேர் எதிராக, இல்லாத ஓர் ஆசிரியரைக் கூட்டிவந்து, இருக்கிற ஆசிரியரின் பக்கத்தில் நிறுத்தியது.

உங்கள் பிள்ளையின் பள்ளிக்கும் நாளை ஸ்மார்ட் போர்டு வரும், மின்நூலகம் வரும். திறப்பு விழாவில் விலையையும் எண்ணிக்கையையும் சொல்வார்கள். பெற்றோர் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியவை வேறு. இதை வைத்து எந்த ஆசிரியர், எந்தக் கிழமை, எந்தப் பாடத்தை நடத்தப்போகிறார்? அதைத் தயாரிக்க அவருக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா? பழுதானால் யாரைக் கூப்பிடுவது? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால் வாங்குவதைத் தள்ளிப்போடச் சொல்லலாம், பணம் மிச்சமாகும்.

அடுத்த வாரம், இந்தக் கேள்விகளை ஆசிரியரிடமிருந்தே தொடங்கிய கேரளம்: விலைகொடுத்து மென்பொருள் வாங்காமலே அரசுப் பள்ளிகளுக்குள் கணினியைக் கொண்டுவந்தது எப்படி?

(தொடரும்)