தோமையாரின் எட்டு நாள்கள்

ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் 3-ஆம் நாள் திருத்தூதர் தோமையாரின் திருவிழாவை நாம் கொண்டாடுகிறோம். சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை ஆகிய மூன்று இடங்களும் அவருடைய பெயரால் புகழ் பெற்றவை. சின்னமலைக் குகையில் அவர் தங்கிச் செபித்தார் என்றும், கி.பி. 72-இல் பரங்கிமலையில் குருதி சிந்தினார் என்றும், சாந்தோம் கடற்கரையில் அடக்கம் செய்யப்பெற்றார் என்றும் நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கின்றனர். இத்தனை பெருமைக்குரிய ஒருவரை உலகம் எப்படி அழைக்கிறது? 'சந்தேகத் தோமா' என்றுதானே!

நானும் பல்லாண்டுகள் அப்படித்தான் அழைத்து வந்தேன். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். வகுப்பில் அடிக்கடி கேள்வி கேட்கும் மாணவனை "வா, சந்தேகத் தோமா" என்று கேலி செய்ததும் உண்டு. அந்தச் சொல் என் சொந்த வீட்டிற்குள் வந்து நின்றபோதுதான் அதன் பொருளை நான் கற்கத் தொடங்கினேன். அந்தப் பாடத்தையே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வீட்டில் நடந்தது

என் மகனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. தியாகராய நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை பார்த்து வந்தான். சிறு வயதில் பூசைக்கு உதவி செய்தவன். இரவுச் செபமாலையில் பாட்டியின் குரலுக்கு மறுமொழி கூறுவதில் முதல் ஆளாக நின்றவன். அவனுக்கு மந்தைவெளியில் ஓர் உயிர்த் தோழன் இருந்தான். ஆறாம் வகுப்பு முதல் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தப் பிள்ளையை இரத்தப் புற்றுநோய் பற்றிக்கொண்டது. ஒன்பது மாதங்கள் போராட்டம். தாயார் கபாலீசுவரர் கோவிலில் விளக்கேற்றி வந்தார். என் மகன் சனிக்கிழமை தவறாமல் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி அன்னையின் ஆலயத்துக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றி வந்தான். ஆயினும் அந்தப் பிள்ளை இறந்து போனான்.

அதற்குப் பின் என் மகன் கோவிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். முதலில் வேலைச் சுமை என்றான். பிறகு உடல் அசதி என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வற்புறுத்தியபோது, "அப்பா, எனக்கு நம்பிக்கை இல்லை. இல்லாத நம்பிக்கையை இருப்பதுபோல் காட்டி முழங்காலிட எனக்கு மனம் வரவில்லை" என்றான்.

எனக்குச் சினம் தலைக்கேறிற்று. நான்கு தலைமுறையாகக் கட்டிக் காத்த விசுவாசம் என்றேன். ஊர் என்ன சொல்லும் என்றேன். முடிவில், "செபமாலை சொல்லாதவனுக்கு இந்த வீட்டில் என்னோடு உட்கார்ந்து சோறு இல்லை" என்றும் சொல்லிவிட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் முதல் செபம் முடிந்து விளக்கணைத்த பின்னரே வீடு திரும்பலானான். அவனுடைய தாய் மூடி வைத்த சோற்றைச் சமையலறையில் தனியே உண்டுவிட்டுப் படுத்துக்கொள்வான். நான்கு மாதங்கள் இப்படியே கழிந்தன. நாள்தோறும் அவனுடைய மனந்திரும்புதலுக்காக நான் செபித்தேன். என் மனம் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை!

அந்த எட்டு நாள்கள்

அந்த ஆண்டுத் திருவிழாவன்று மாலைத் திருப்பலிக்குச் சென்றிருந்தேன். மறையுரை ஆற்றிய குருவானவர் யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். உயிர்த்த ஆண்டவர் முதல் முறை தோன்றியபோது தோமையார் அங்கே இல்லை. மற்றவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை; காயங்களைக் கண்டு தொட்டாலன்றி நம்பேன் என்றார். எட்டு நாள்களுக்குப் பின் ஆண்டவர் மீண்டும் தோன்றினார். இது நாம் அனைவரும் அறிந்த நிகழ்ச்சி. ஆனால் குருவானவர் ஒரு வினாவை எழுப்பினார்: "அந்த எட்டு நாள்களும் தோமையார் எங்கே இருந்தார்?"

எட்டாம் நாள் அவர் மற்றச் சீடர்களோடு அதே வீட்டில் இருந்தார் என்று நற்செய்தி கூறுகிறது. நம்பாத ஒருவர், நம்பியவர்களின் நடுவே! 'நாங்கள் கண்டோம், எங்கள் சொல்லை நீ ஏற்கவில்லையே' என்று அவர்கள் அவரை வெளியே தள்ளிக் கதவடைத்ததாக ஒரு சொல்லும் இல்லை. 'உங்களோடு எனக்கென்ன வேலை' என்று அவரும் போய்விடவில்லை. யூதருக்கு அஞ்சிப் பூட்டப்பட்டிருந்த அந்தக் கதவு, ஐயுற்ற சகோதரனுக்கு மட்டும் திறந்தே இருந்தது. தோமையாரை அவர்கள் துரத்தியிருந்தால், ஆண்டவர் வந்தபோது அவர் அங்கே இருந்திருப்பாரா?

அந்த வினா என்னைச் சுட்டது. எங்கள் வீட்டுச் சமையலறையில் தனியே உண்ணும் மகனின் முதுகு என் கண்முன் நின்றது.

கல்லறையின் அருகில்

திருப்பலி முடிந்ததும் நான் வீடு திரும்பவில்லை. நிலத்தடியில் உள்ள கல்லறைச் சிற்றாலயத்துக்கு இறங்கிச் சென்று அமர்ந்தேன். இந்த இடத்தில் 1523-இல் போர்த்துக்கேயர் ஓர் ஆலயம் எழுப்பினர். இன்று நாம் காணும் வெண்ணிறப் பேராலயம் 1896-இல் கட்டி முடிக்கப்பெற்றது. 1956-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பெற்றது. 1986-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கே வந்து செபித்தார். திருத்தூதரின் எலும்புகள் பழங்காலத்திலேயே எதேசா நகருக்கும், பின்னர் 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனா நகருக்கும் கொண்டு செல்லப்பட்டன என்பது வழிவழிச் செய்தி. இங்கே எஞ்சியிருப்பது பெரும்பாலும் வெறுமையான கல்லறையே. ஆயினும் மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை நம்பி வருகிறார்கள்.

அங்கே அமர்ந்து தோமையாரின் வாழ்வை முதலிலிருந்து எண்ணிப் பார்த்தேன். யோவான் நற்செய்தி அவரைப் பேச வைக்கும் இடங்கள் சிலவே. இலாசர் இறந்தபோது, யூதேயாவுக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று மற்றவர்கள் தயங்க, ஆண்டவரோடு சேர்ந்து சாகவும் போவோம் என்று முன்வந்தவர் தோமையார். இறுதி இரவுணவில், தாம் போகுமிடத்துக்கு வழி அவர்களுக்குத் தெரியும் என்று ஆண்டவர் சொன்னபோது, தெரியாததைத் தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னவரும் அவரே. துணிவு முதலில், நேர்மை அடுத்து. மூன்றாவதாகத்தான் அந்த ஐயம்.

அன்பில்லாதவனுடைய ஐயம் அன்று அது. உடன் சாகத் துணிந்த ஒருவர், தம் தலைவர் சிலுவையில் இறந்ததைத் தாங்க இயலாமல் உடைந்து நின்ற நிலை. அவர் கேட்டது எதை? அரியணையை அன்று, ஒளி வட்டத்தை அன்று, வானதூதர் கூட்டத்தையும் அன்று. காயத்தைக் கேட்டார். 'என் தலைவர் பட்ட காயம் பொய்யாகிவிடக் கூடாது. காயமில்லாத ஒரு கிறிஸ்துவை எனக்குக் காட்டாதீர்கள்' என்பதே அவருடைய உள்ளத்தின் குரலாக எனக்குப் பட்டது. ஆண்டவரும் அவரைக் கடிந்து ஒதுக்காமல், அதே காயங்களை அவர்முன் நீட்டினார். தோமையார் தொட்டாரா என்று நற்செய்தி சொல்லவில்லை. காட்டியதே போதுமானதாக இருந்தது. அதன்பின் அவர் செய்த அறிக்கை, இயேசுவைத் தம் ஆண்டவராகவும் கடவுளாகவும் நேர்முகமாக ஏற்ற அறிக்கை. தோமையாரின் தயக்கம், மற்றச் சீடர்கள் உடனே நம்பியதைவிட நம் விசுவாசத்துக்கு மிகுந்த துணை செய்தது என்று திருத்தந்தை பெரிய கிரகோரியார் போதித்ததும் இதனால் அன்றோ!

என் மகனுக்கும் ஒரு காயம் இருந்தது. இருபத்தொரு வயதில் மாண்ட தோழனே அந்தக் காயம். நான்கு மாதங்களில் ஒரு தடவையாவது அந்தக் காயத்தைப் பற்றி நான் கேட்டதுண்டா? இல்லை. கோவில் வருகைப் பதிவேட்டை மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூடாக்கிய சோறு

அன்றிரவு செபமாலை முடிந்ததும் என் தாயும் மனைவியும் உறங்கச் சென்றனர். நான் விழித்திருந்தேன். பத்தரை மணிக்கு மகன் வந்தான். நானே குழம்பைச் சூடாக்கி, இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தேன். அவன் வியப்போடு பார்த்தான். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் ஓயாமல் பேசிய வாய்க்கு அன்று சொற்கள் கிட்டவில்லை. வெகுநேரம் கழித்து, "கடைசி நாளில் நீ அவனோடு இருந்தாயா, தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் கையிலெடுத்த சோற்றைக் கீழே வைத்தான். பிறகு பேசினான். நள்ளிரவு தாண்டியும் பேசினான். தோழனின் கை எவ்வளவு மெலிந்து போயிற்று என்று சொன்னான். அவன் தாயிடம் 'கட்டாயம் பிழைப்பான், நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்' என்று உறுதி கூறியதையும், பின்னர் அந்தத் தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் போனதையும் சொன்னான். நான் விளக்கம் எதுவும் கூறவில்லை. துன்பம் ஏன் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. இருப்பதுபோல் நடிக்கவும் அன்று நான் துணியவில்லை. "உன்னோடு உண்ண மாட்டேன் என்று நான் சொன்னது தவறு. என்னை மன்னித்துக்கொள்" என்றேன். தந்தை மகனிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அது எவ்வளவு கடினமோ அவ்வளவு இலேசாகவும் இருந்தது.

மறுநாள் இரவுச் செபமாலையில் அந்த மந்தைவெளிப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவனுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒரு பத்து மணி ஒப்புக்கொடுத்தோம். அதுவரை நாங்கள் அதைச் செய்யவில்லை என்பதை எண்ணி வெட்கினேன். மகன் கூடத்தின் மூலையில் அமர்ந்திருந்தான். மறுமொழி சொல்லவில்லை, எழுந்தும் போகவில்லை.

புனிதரும் இருளும்

விசுவாசம் என்பது ஐயமே அணுகாத கோட்டை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். புனிதர்களின் வாழ்வு அப்படிச் சொல்லவில்லை. குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் 1896-ஆம் ஆண்டு உயிர்ப்புக் காலத்தில் தொடங்கி, 1897-இல் தமது இருபத்து நான்காம் வயதில் இறக்கும் வரை, விண்ணகம் உண்டோ என்ற இருளில் தவித்தார். கல்கத்தா அன்னை தெரேசா இறந்து பத்தாண்டுகளுக்குப் பின், 2007-இல் வெளியான அவருடைய கடிதங்கள் உலகையே வியப்பில் ஆழ்த்தின. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இறைவனின் பிரசன்னத்தை உணராத வறட்சியில் அவர் வாழ்ந்தார். எனினும் அதிகாலைத் திருப்பலியையும் தெருவோரத்து நோயாளியையும் அவர் கைவிடவில்லை. 2016-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, அந்த இருளை மறைத்துவிட்டு அறிவிக்கவில்லை.

ஆன்மிக வளர்ச்சி உணர்ச்சியின் பெருக்கத்தில் இல்லை. தங்கியிருப்பதிலும், தங்கியிருப்பவனைத் தாங்கிக்கொள்வதிலும் இருக்கிறது.

மலைப்படிகள்

சில மாதங்களுக்குப் பின் என் தாய் பரங்கிமலைக்குச் செல்ல ஆசைப்பட்டார். மகன்தான் எங்களை அழைத்துச் சென்றான். பாட்டியையும் தாயையும் வண்டிப்பாதையில் அனுப்பிவிட்டு, நானும் அவனும் படிகளில் ஏறினோம். 18-ஆம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்த பெத்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் தம் செல்வத்தைச் செலவிட்டு அமைத்த படிகள் அவை. அடையாற்றைக் கடக்கச் சைதாப்பேட்டையில் 1726-இல் பாலம் கட்டியவரும் அவரே; அந்தப் பாலம் இருந்த இடத்தில் 1966-இல் இன்றைய பாலம் எழுந்தது. யாரோ ஏறுவதற்காக ஒருவர் படி அமைத்தார். யாரோ கடப்பதற்காகப் பாலமும் அமைத்தார். பெற்றோரின் கடமையும் இதுதான் என்று தோன்றிற்று. படிகளை நாம் அமைக்கலாம். பிள்ளைகளின் கால்களை நாம் தூக்கி வைக்க முடியாது.

பாதி வழியில் என் முழங்கால் வலித்தது. மகன் தோளைக் கொடுத்தான். உச்சியில் நாங்கள் ஆலயத்தினுள் சென்று, 1547-இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவையின் முன் செபித்தோம். அவன் உள்ளே வரவில்லை. வெளியே சுற்றுச்சுவரின் மேல் அமர்ந்து, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வெளியே வந்ததும், "அப்பா, அவனுக்காகவும் வேண்டிக்கொண்டீர்களா?" என்று கேட்டான். "முதலில் அவனுக்காகத்தான்" என்றேன். அவன் தலையசைத்தான். அவ்வளவுதான்.

அவன் இன்னும் எட்டு நாள்களுக்குள்ளேயே இருக்கிறான். அந்த எட்டு நாள் எத்தனை ஆண்டுகள் நீளும் என்பது இறைவனுக்கே தெரியும். ஆனால் இப்போது அவன் வீட்டுக்குள் இருக்கிறான்; கதவு திறந்திருக்கிறது; இரவு எட்டரை மணிக்கு எல்லாரும் ஒன்றாக உண்கிறோம்.

புனித இஞ்ஞாசியார் தம் சபையினருக்கு நாள்தோறும் ஆன்மசோதனையைக் கற்பித்தார். உறங்குமுன் நான் இப்போது ஒரே ஒரு வினாவால் என்னைச் சோதித்துக்கொள்கிறேன்: 'இன்று யாருடைய காயத்தைக் காணாமல் கடந்து சென்றேன்?' சில நாள் விடை என் மனைவியாக இருக்கும்; சில நாள் எதிர்வீட்டு முதியவராக இருக்கும். விடை கிடைத்த மறுநாள் செய்ய வேண்டிய வேலை தானே தெரிந்துவிடும்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு தோமையார் இருக்கலாம். அவரைக் குறித்து அஞ்ச வேண்டாம். அவருக்காகச் செபியுங்கள், அதற்கு முன் அவருக்கு ஒரு தட்டை எடுத்து வையுங்கள். எட்டாம் நாள் ஆண்டவர் வரும்போது, அவர் நம்மோடு இருக்க வேண்டும் அல்லவா?