ஹெல்மெட்டுக்குள் ஓர் ஈராக்

பாலைவனச் சாலையில் ஹம்வீ ராணுவ வண்டி ஓடுகிறது. காலடியில் மேடை அதிர, டீசல் நெடி மூக்கைத் துளைக்கிறது. சற்று நேரத்தில் ரப்பர் எரியும் வாடை. வண்டியில் இருப்பதாக உணர்பவர் ஈராக் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர். அவர் உட்கார்ந்திருப்பதோ ஒரு சிகிச்சை அறையில். அந்த வாடையைப் பொத்தானை அழுத்தி அனுப்பியவர், பக்கத்தில் கணினியுடன் இருக்கும் உளவியல் மருத்துவர்.

தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் படைப்புத் தொழில்நுட்ப நிலையத்தில் ஆல்பர்ட் ரிஸ்ஸோ குழுவினர் உருவாக்கிய 'விர்ச்சுவல் ஈராக்' இது. தொடக்கத்தில் 'ஃபுல் ஸ்பெக்ட்ரம் வாரியர்' என்ற போர் வீடியோ கேமின் காட்சிகளை எடுத்தே இதை அமைத்தார்கள். விளையாட்டுக்குச் செய்த தெருக்கள் மருந்தாகிவிட்டன!

போர், விபத்து, வன்முறை போன்றவற்றில் சிக்கியவர்கள் சிலரை அந்தச் சம்பவம் விடாமல் துரத்தும். கெட்ட கனவு, திடுக்கிடல், தூக்கமின்மை. மருத்துவர்கள் இதைப் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். அந்த நினைவு எட்டிப் பார்த்தாலே மனம் ஓடி ஒளிகிறது. ஒளிய ஒளியப் பயம் வளர்கிறது. உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த சிகிச்சையில், நோயாளி கண்ணை மூடி, நடந்ததைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லவேண்டும். பயம் மெல்லத் தணியும். ஆனால் எல்லோராலும் அந்தக் காட்சியை மனத்தில் வரவழைக்க முடிவதில்லை. சிலர் உணர்ச்சியே இல்லாமல் செய்தி வாசிப்பதுபோல் ஒப்பித்துவிடுவார்கள்.

அங்கேதான் கருவி நுழைகிறது. தலையில் மாட்டும் ஹெல்மெட்டின் திரைகள் இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டுவதால் ஆழம் தெரிகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. உளவியலாளர் பார்பரா ரோத்பாமும் கணினி அறிஞர் லாரி ஹாட்ஜஸும், உயரத்தைக் கண்டு அஞ்சியவர்களிடம் இத்தகைய கருவியைச் சோதித்து 1995இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடுத்து வியட்நாம் போர் வீரர்களுக்காக ஹெலிகாப்டரும் காட்டு வெளியும் கொண்ட காட்சி. இன்றைய கேம்களோடு ஒப்பிட்டால் அந்தப் படங்கள் பொம்மைப் படங்களே. ஆனாலும் கணினியில் இல்லாத எதிரிகளைக்கூடக் கண்டதாக வீரர்கள் சொன்னார்கள். மிச்சத்தை நினைவே வரைந்துகொண்டது.

எனவே படத்தின் நுணுக்கத்தைவிட மருத்துவரின் கைதான் முக்கியம். கிணற்றில் நீச்சல் பழக்குபவர் பிள்ளையின் இடுப்புக் கயிற்றைத் தளர்த்தியும் இழுத்தும் பிடிப்பதுபோல, பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு, வெடிச்சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவரே.

பழைய முறையை இது வென்றதா? இல்லை. 2016இல் வெளியான ஆய்வில் பணியிலிருந்த 162 அமெரிக்க வீரர்கள் பங்கேற்றார்கள். சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களைவிட இரு முறைகளிலும் பலன் அதிகம். ஆனால் மூன்று, ஆறு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, ஹெல்மெட் இல்லாமல் பேசிக் குணமானவர்களே கொஞ்சம் முன்னே நின்றார்கள்.

அப்படியானால் ஹெல்மெட் யாருக்கு? 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் தப்பிய ஒரு பெண்ணுக்கு வழக்கமான சிகிச்சை பலிக்கவில்லை. நியூயார்க்கில் ஜோஆன் டிஃபிடே, ஹன்டர் ஹாஃப்மன் இருவரும் அவருக்கு அந்தக் காலையைப் படிப்படியாகக் காட்டினார்கள். முதலில் விமானம் உலக வர்த்தக மையக் கோபுரங்களைத் தாண்டிப் பறந்து போய்விடும், மோதாது. பிறகு மோதும், சத்தமிருக்காது. அப்புறம்தான் ஓசை, அலறல், சரிவு. 2002இல் வெளியான அறிக்கைப்படி அவருடைய அறிகுறிகள் பெருமளவு குறைந்தன. ஒருவர் கதை ஆய்வாகிவிடாது. ஆனால் கண்ணை மூடினால் எதுவும் வராதவர்களுக்கு, கண்ணைத் திறந்தே பார்க்கும் வழி ஒன்று இருக்கிறது என்பதை அது காட்டியது.